பதில் ஆள்

மூடிக்கிடந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் படப்பிடிப்புக் குழுவின் வேன்கள் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டன. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. மூன்று மாடியிலும் நீளநீளமான தாழ்வாரங்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட் பூசி, அதுவும் உரிந்து தொங்கியது. ஆள் நடமாட்டம் நின்று எவ்வளவோ காலமாகியும் மருந்து வாசனை மட்டும் போகவில்லை. ஈரச்சுவரின் பூஞ்சையும் வௌவால் நெடியும் அதோடு கலந்து, மூச்சு இழுத்தால் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது.

மேக்கப்காரி தன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்குப் பவுடர் போடுகிறவள் இல்லை. வெட்டுப்பட்ட கை, தீயில் வெந்த தோல், உயிர் போன உடம்பு, இவற்றைச் செய்கிறவள். திகில் படம் எடுக்கிறவர்கள் ஹீரோயினுக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். "பொணம் வேணும்னா அக்காகிட்ட சொல்லுங்க, சூடா ரெடி பண்ணிக் குடுப்பாங்க" என்று குழுவில் ஒரு கேலி உண்டு. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள்.

அவள் கணவனுக்கு ஹீரோவுக்குப் பதிலாக விழுகிற வேலை. மாடியிலிருந்து, பாலத்திலிருந்து, ஓடுகிற லாரியிலிருந்து. எங்கிருந்து விழுந்தாலும் காலை ஊன்றி எழுந்துவிடுவான் என்பதால் அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்தார்கள். நாளாக ஆகச் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. பெண்டாட்டி போனிலேயே அவன் பூனைதான்.

இந்தப் படத்தின் கதை இதுதான். ஒரு லிஃப்ட் அறுந்து விழுகிறது. அதில் ஏறாமல் தப்பித்த சிலரைச் சாவு தேடி வந்து ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போகிறது. கடைசியில் மிஞ்சுவது ஹீரோ.

டீ குடிக்கும்போது டைரக்டர் சலித்துக்கொண்டார். "ஹீரோ பிழைச்சே ஆகணுமாம். தயாரிப்பாளர் ஒத்தக்கால்ல நிக்கிறார். சாவே தேடி வந்தா எவன்யா பிழைக்க முடியும்?"

"ஹீரோ பிழைக்கட்டும் சார்" என்றான் பூனை. "சாகறதுக்குத்தான் டூப்பு நான் இருக்கேனே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

தான் செத்துக் கிடப்பதை ஹீரோ கனவில் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தது. அதற்காக அவள் ஒரு முழு உடம்புப் பொம்மை செய்திருந்தாள். பிளாஸ்டருக்குள் மணிக்கணக்கில் உட்கார ஹீரோவுக்கு நேரமில்லை. அதனால் பூனையின் உடம்பிலேயே அச்சு எடுத்துவிட்டாள். மூக்குத் துவாரம் மட்டும் விட்டு முகம் முழுவதும் பூசியபோது, அந்த இருட்டுக்குள் அவனுக்குப் பயமாக இருக்கக்கூடாதே என்று, அவள் மூச்சு விடாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். ரப்பரில் தோல் வார்த்தாள். மயிர்த்துளைகளை ஊசியால் குத்தினாள். தலைமுடியை ஒவ்வொன்றாக நட்டாள். காமிராவில் முகம் தெரியப்போவதில்லை. ஆனாலும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. அந்தத் தோலைத் தொட்டால் அவனைத் தொட்ட மாதிரியே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஒத்திகை தொடங்கியது. பூனை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்றாம் மாடி விளிம்பில் நின்றான். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். ஸ்டன்ட் மாஸ்டர் கையைத் தூக்கினார். அவன் கீழே நிற்கிற அவளைப் பார்த்து, வழக்கம்போல ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டுக் குதித்தான்.

கயிறு பாதியில் அறுந்தது. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மெத்தையைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் தலைகீழாக வந்து விழுந்தான்.

படங்களில் அந்தச் சத்தத்துக்கு ஈரத்துணி மூட்டையைத் தரையில் அடிப்பார்கள். நிஜமான சத்தம் அதைவிடச் சின்னதாக இருந்தது.

யாரும் அசையவில்லை.

பூனை எழுந்து உட்கார்ந்தான். தலையைத் தடவிப் பார்த்தான். சட்டையில் ஒட்டிய சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டான். "என்ன எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு நிக்கிறீங்க? ஷாட் ஓகேவா இல்லையா?" என்றான்.

ஒரு கீறல் இல்லை. மாஸ்டர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். டைரக்டர் அன்றைய படப்பிடிப்பை நிறுத்திவிட்டார். அவள் முகம் கழுவிக்கொண்டு வரலாமென்று, தன் சாமான்களை வைத்துப் பூட்டியிருந்த அறைக்குப் போனாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். துணி போர்த்திய பொம்மை மேஜைமேல் கிடந்தது. துணியின் கீழ், தலை இருக்க வேண்டிய இடம் சரியாக இல்லை.

விலக்கினாள்.

கழுத்து முறிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்னந்தலை உள்ளே அமுங்கிப் போயிருந்தது.

முதுகுச் சட்டை முழுக்கச் சிமெண்டுத் தூசி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் வரும்போது உடைந்துவிட்டது என்று டைரக்டரிடம் சமாளித்தாள். உயிரோடு திரும்பிய மனிதனைப் பார்க்கிற சந்தோஷத்தில் அதை மறந்துவிடவும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஏழு வயது மகள் குட்டி ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குட்டியின் அம்மா டீ போட்டு வந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரைப் பூனை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"சுடலையா உங்களுக்கு?"

"ஆறிப்போச்சேடி" என்றான் அவன்.

டம்ளரை எடுக்கப்போன குட்டி, "ஸ்ஸ்" என்று விரலை உதறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். குட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மூன்றாம் மாடியிலிருக்கும் அவர்களுடைய வீட்டில், பூனை போனில் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தான். அடுத்த படத்தைப் பற்றி ஏதோ பேச்சு. "சரி மாஸ்டர்... ஆமா மாஸ்டர்..."

கீழே படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் பூனை! கீழ வாடா!"

மாஸ்டரின் குரல்.

பூனை போனைக் காதில் வைத்தபடியே வாசல் பக்கம் திரும்பினான். போனுக்குள் மாஸ்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் இருமுவதுகூட அவளுக்குக் கேட்டது.

கீழேயும் அதே இருமல்.

"பூனை! வாடான்னா!"

வருஷக்கணக்காக அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். "இதோ வ..." என்று தொடங்கிவிட்டது. அவள் பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது.

படிக்கட்டு வளைவில் பெரிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது மேல்தளத்துக் காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து படிகள்மேல் விழுந்து கிடந்தது. கூப்பிட்டதும் இறங்கியிருந்தால் அந்த நேரம் அவன் அந்தப் படியில்தான் இருந்திருப்பான். கீழே காவலாளி உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை என்றான்.

அன்றுதான் பொம்மையைப் பற்றி அவனிடம் சொன்னாள். பூனை சிரித்தான். "டைரக்டர் அளந்த கதையை நீயும் நம்ப ஆரம்பிச்சிட்டியா?" என்றான். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே தேய்ந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் விழுந்தப்ப எனக்கு வலிக்கவே இல்லடி. இப்பவும் எதுவும் வலிக்க மாட்டேங்குது" என்றான்.

ஊரைவிட்டே போனார்கள். ரயில் ஏறி, அவளுடைய அக்கா வீட்டுக்கு. அங்கே ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கொல்லைப்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அக்கா அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த வெற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "யாரது? என்னாட்டமே..." என்றவள் முகம் வெளுத்துவிட்டது. கொல்லையில் மின்கம்பி ஒன்று அறுந்து, துவைக்கிற தண்ணீர் தேங்கிய குழியில் நெளிந்துகொண்டிருந்தது.

சாயங்காலமே கிளம்பினார்கள். அக்கா குட்டிக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். மூவரையும் அணைத்துக்கொண்டு அழுதாள். மறுபடி வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

ரயிலில் குட்டி அப்பா மடியில் தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "முதல் தடவ அது ஏன் ஏமாந்துச்சு? பொம்மை உங்களாட்டமே இருந்துச்சு. அதான். இன்னொண்ணு செய்யறேன்."

அச்சு வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் அச்சில் வார்த்தது மட்டும் போதாது, இந்த முறை இன்னும் உயிராக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் சிரிக்கிற முகத்தைச் செய்தாள். கண்ணோரம் விழுகிற கோடுகள். கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுகிற மடிப்பு. சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உதடு இழுபடுகிற விதம். முடித்ததும், அவனுடைய பழைய சட்டையை மாட்டி, முன்னறையில் வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தினமும் மத்தியானமானால் இரண்டு பேரும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள்.

சில நாள் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் வந்தது.

"ஏங்க... கீழ வாங்களேன்."

அவளுடைய குரல்.

அவள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உதடு மூடித்தான் இருந்தது. பூனையின் வாயைத் தன் இன்னொரு கையால் அழுத்திப் பொத்தினாள்.

"ஏங்க..."

முன்னறையில் நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது.

"இதோ வரேன்" என்றது பூனையின் குரல்.

அவன் வாய் அவள் கைக்குள் இருந்தது.

செருப்பில்லாத காலடிகள் வாசலைத் தாண்டிப் போயின. பிறகு படிக்கட்டில் அந்தச் சின்னச் சத்தம். வெகுநேரம் கழித்து வெளியே போய்ப் பார்த்தார்கள். பொம்மை கீழ்ப்படியில் கழுத்து முறிந்து கிடந்தது. அதன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் செய்த கோடுகளெல்லாம் வழித்தெடுத்த மாதிரி மழுங்கிப் போயிருந்தன.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது குட்டி தன் பழைய கதையை எடுத்தாள். "அப்பா, ஒரு எறும்பு யானை மேல ஏறிப் போச்சாம். ரொம்ப தூரம் போனதும், 'யானை அண்ணே, பாரமா இருக்கா? வேணா இறங்கி நடக்கட்டுமா'ன்னு கேட்டுச்சாம்!"

நூறு தடவை கேட்ட கதை. நூறு தடவையும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். இன்று குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, சிரிப்பா இல்லையா?"

"சிரிக்கணும்னு தெரியுது குட்டி" என்றான். "வர மாட்டேங்குது."

குட்டி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். தும்பிக்கையெல்லாம் ஆட்டிக் காட்டினாள். அவன் தன் விரல்களால் இரண்டு உதட்டோரத்தையும் மேலே இழுத்துப் பிடித்துக் காட்டினான். குட்டிக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்களுக்குப் புரிந்தது. தோலைத் தோலாகச் செய்தாள், சூடும் வலியும் போயின. சிரிப்பைச் சிரிப்பாகச் செய்தாள், சிரிப்பு போனது. எதை அவள் ரொம்பச் சரியாகச் செய்கிறாளோ அதை அது எடுத்துக்கொண்டு போகிறது. எதையும் வைக்காமல் வெறும் ரப்பரைக் காட்டினால் அது ஏமாறப்போவதில்லை.

அடுத்ததில் எதை வைப்பது?

அந்த ஒரு கேள்வியோடு அவள் களிமண்ணின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் மனதில் ஒரு பக்கம் குட்டி. இன்னொரு பக்கம் அவள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை என்பதுதான் நிஜம். கல்யாணமான புதிதில் அவள் கைக்கத்தி நழுவி அவன் முன்கையில் போட்ட தழும்பைச் செய்தாள். அவள் தலைவைத்துப் படுத்துப் படுத்துக் குழிந்த இடது தோளைச் செய்தாள். அவளைப் பார்க்கும்போது மட்டும் உயர்கிற அந்தப் புருவத்தைச் செய்யத் தொடங்கினாள். நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி செய்தாள். குழந்தைக்கான எதையும் அவள் தொடவில்லை.

பூனை வந்து பார்த்தான். பொம்மையின் புருவத்தைத் தடவினான். "எதைக் குடுக்கறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியா?"

"தெரியும்."

"என்னைக் கேட்கவே இல்லையேடி."

"கேட்டா வேணாம்பீங்க" என்றாள்.

அன்று ராத்திரி அவன் அவளைத் தூங்கவிடவில்லை. அவர்கள் முதலில் சந்தித்தது, முதல் வாடகை வீட்டில் கூரை ஒழுகியது, குட்டி பிறந்த அன்று அவன் மயங்கி விழுந்தது எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டான். ஊருக்குப் போகிறவன் பெட்டியில் துணி அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டான்.

அது வந்தபோது, யாருடைய குரலில் கூப்பிட்டது என்றுகூட அவள் கவனிக்கவில்லை. உள்ளறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து "இதோ வரேன்" என்ற குரல் எழுந்து, நடந்து, விழுந்தது.

அவள் பிடியிலிருந்து அந்தக் கை மெதுவாக விலகியது. இழுக்கவில்லை. கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்ட கையை விலக்குகிற மாதிரி, மரியாதையாக விலகியது.

"மன்னிக்கணும்" என்றான் பூனை. "நீங்க யாரு?"

அதற்குப் பிறகு அவன் கூடத்தில் படுத்துக்கொண்டான். சாப்பாடு வைத்தால், "தேங்க்ஸ்ங்க" என்றான். அவள் எதிரில் சட்டை மாற்றக் கூச்சப்பட்டுக் குளியலறைக்குப் போனான். குட்டியோடு மட்டும் பழையபடி இருந்தான். தலை வாரிவிட்டான், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தான். "அப்பா ஏன் அம்மாவை வாங்க போங்கன்னு பேசறாரு?" என்று குட்டி கேட்டதற்கு, விளையாட்டு என்று அவள் சொன்னாள். கதவிடுக்கில் நின்று அவர்கள் இருவரையும் பார்ப்பதே அவளுக்குப் போதுமென்று இருந்தது. உயிரோடு இருக்கிறானே. இந்த வீட்டில்தானே இருக்கிறான்.

ஆனால் அது மறுபடி வரும். ஒரு மத்தியானம் அவள் நான்காவதைத் தொடங்கினாள்.

பூனை அறை வாசலில் வந்து நின்றான். "உள்ள வரலாமாங்க?"

"வாங்க."

களிமண் முகத்தைப் பார்த்தான். அதன் கண்கள் கொஞ்சம் கீழ்நோக்கி, இடுப்பு உயரத்தில் நிற்கிற ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருந்தன.

"இந்தத் தடவ குட்டியா?"

"வேற எதுவும் மிச்சமில்ல" என்றாள்.

அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுகிற மாதிரி, தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"எனக்கு உங்களத் தெரியலங்க. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், வரல. ஆனா குட்டி உங்கள அம்மான்னு கூப்பிடுறா. நான் சாப்பிடாம நீங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு வந்து உக்காந்து அழறீங்க. அப்ப நீங்கதான் என் வீட்டுக்காரி. அந்தளவுக்குக் கணக்குப் போடத் தெரியுது."

அவள் களிமண் ஒட்டிய கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதை விட்டுடுங்க" என்றான்.

"நீங்க உயிரோட இருக்கணும்."

"அவளையும் மறந்துட்டா, அப்புறம் இங்க இருக்கப்போறது யாருங்க?" களிமண் முகத்தைக் காட்டினான். "இதுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அவ ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்குவா. 'பாப்பா நீ யாரு'ன்னு கேட்கவா?"

வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

"அப்பா!"

படிக்கட்டின் அடியிலிருந்து வந்தது.

"அப்பா, கீழ வாங்கப்பா!"

அவள் எழுந்து அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வலிக்காமல், ஆனால் விடாமல்.

"குட்டி ஸ்கூல்ல இருக்கா" என்று அவள் கிசுகிசுத்தாள். "அது அவ இல்லங்க."

"தெரியும்."

"அப்பா! சீக்கிரம் வாங்கப்பா!"

அவன் முகம் அந்தக் குரல் பக்கம் திரும்பியிருந்தது. "எப்படிக் கூப்பிடுது பாருங்க" என்றான். "அந்தக் குரல் யாரோடதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரியுது. தெரியறப்பவே போயிடறேன்."

"வேணாம். உங்க கால்ல விழறேன், வேணாம்."

"குட்டிக்கு நீங்க இருக்கீங்கள்ல?" என்று கேட்டான். அவள் தலை தானாக ஆடியது. அதற்கு ஆம் என்று அர்த்தமா, ஐயோ என்று அர்த்தமா என்று அவளுக்கே தெரியாது.

அவன் அவள் கையை விட்டான். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான்.

"இதோ வரேன்டா கண்ணு."

அவள் பின்னாலேயே ஓடினாள். ஒரு படி வித்தியாசம்தான். கை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவும் பிடித்தாள், துணி அவள் விரலுக்குள் வந்து நழுவிப்போனது. காரை பெயர்ந்த அந்த வளைவில் அவன் கால் இடறியது. மாடிமாடியாகக் குதித்துப் பிழைத்தவன், நாலு படியில் உருண்டான்.

அதே சின்னச் சத்தம்.

அவள் போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கை சூடாக நனைந்தது. இது அவள் கலக்குகிற சாயம் இல்லை.

பூனை முகத்தைச் சுளித்தான். "ஆ..." என்றான். "வலிக்குதுடி."

அவள் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அவன் கண் அவள் முகத்தில் இருந்தது. புருவம் ஒன்று, மெதுவாக, வழக்கம்போல உயர்ந்தது.

"பூனைன்னு பேரு வெச்சானுங்க பாரு" என்றான். கன்னத்தின் ஒரு பக்கத்தில் மடிப்பு விழுந்தது. சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே போய்விட்டான்.

குட்டி பள்ளிக்கூடம் விட்டு வருகிறவரை அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அச்சுகளையெல்லாம் சுத்தியலால் உடைத்தாள். களிமண் முகத்தை மட்டும் உடைக்க மனம் வரவில்லை. தண்ணீரில் போட்டு, அது கரைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். படம் வெளிவந்தது. ஹீரோ பிழைத்துவிட்டாராம். அவள் போய்ப் பார்க்கவில்லை. தொழிலை விட்டுவிட்டு, டிவியில் செய்தி வாசிக்கிறவர்களுக்குப் பவுடர் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நகரத்தின் இன்னொரு மூலையில், மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனாள். அங்கே யாருக்கும் அவர்கள் கதை தெரியாது.

ஒரு மழை நாள். வேலை முடிந்து வந்து முற்றத்தில் குடையை மடக்கும்போது, கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். மெஷினை நிறுத்தாமலே பேசுகிறவள்.

"உங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலைன்னு நெனைக்கிறேன். வந்திருக்காரே, பாத்தீங்களா?"

அவள் ஜன்னலுக்கு அருகே போனாள். "யாரு?"

"மத்தியானத்துலேர்ந்து முற்றத்துல நின்னுட்டிருந்தாரு. யாருங்கன்னு கேட்டேன், குட்டியோட அப்பா, பூனைன்னு சொன்னா தெரியும்னாரு. தமாஷான மனுஷன். மழை பெய்யுதே, மேல போங்களேன்னு சொன்னேன். 'இல்லம்மா, யாராவது கூப்பிட்டாத்தான் வர முடியும்'னு சொல்லிட்டு அங்கேயே நின்னாரு."

அவள் படியேறியது அவளுக்கு நினைவில்லை. கதவைத் திறந்தபோது குட்டி ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குட்டியின் பின்னால் போய் நின்று, அந்தத் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

முற்றத்தில் ஆள் யாரும் இல்லை. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. செங்கல் தரை முழுவதும் நனைந்து கருத்திருந்தது. நடுவில், மேலே ஒரு மறைப்பும் இல்லாத இடத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் தரை காய்ந்து கிடந்தது.

அவனா? அல்லது எல்லோர் குரலையும் எடுத்துக்கொண்ட அது, இப்போது அவன் குரலையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறதா? அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் போதும். தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, குட்டியை ஜன்னலிலிருந்து விலக்கக் கையை நீட்டினாள்.

"அம்மா, அப்பா நனையவே இல்ல பாரு" என்றாள் குட்டி.

பிறகு அம்மாவின் கை தன்மேல் படுவதற்குள், கம்பிக்கு வெளியே குரலை உயர்த்தி, "அப்பா! மேல வாங்கப்பா!" என்று கூப்பிட்டாள்.

காய்ந்த தரையில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடமும் முழுவதுமாக நனைந்துபோனது.